கொச்சி யூதரும் குடியேறிய தமிழரும்

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் பணித்தபொழுது நான் தயங்கினேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறிப் புகைவண்டி நிலையத்தில் எழுத்தனாய்க் காலங் கழிப்பவனுக்கு வரலாறு எழுதும் தகுதி ஏது? ஆயினும் அவர் விடவில்லை. "முன்பதிவுக் கவுண்ட்டரில் நாள்தோறும் நாட்டு மக்களையெல்லாம் காண்கிறீர்களே, அவர்களைப் பற்றி எழுதினால் அதுவே வரலாறு" என்றார். அச்சொல் எனக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பயண ஏற்பாடு செய்யும் முகவர் ஒருவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். அயல்நாட்டினர் இருபத்திருவர்க்குப் பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு இடம் வேண்டும் என்றார். இடம் கேட்டதில் வியப்பில்லை. அவர் கூறிய நிபந்தனைகளே வியப்பை அளித்தன. வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் அவர்கள் ஊர் சேர்ந்துவிட வேண்டுமாம். சனிக்கிழமை இருட்டும் வரை எந்த ஊர்தியிலும் ஏற மாட்டார்களாம். வண்டியில் தரும் உணவைத் தொடமாட்டார்களாம். சமையற்காரரும் பாத்திரப் பெட்டிகளும் உடன் வருமாம்.

"அந்தக் காலத்து ஆசாரக்காரர் போலிருக்கிறதே!" என்றேன். "யூதர்கள், சார். கோஷர் முறைப்படி உண்பவர்கள். தங்கள் இனத்தார் வாழ்ந்த இடங்களைப் பார்க்கக் கொச்சிக்குப் போகிறார்கள்" என்றார் முகவர்.

சேலம், கோவை, பாலக்காடு வழியாக நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர்க்கு எர்ணாகுளத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான். அவ்வூரில் யூதர்க்கு என்ன வேலை என்று அன்றுவரை எண்ணியதில்லை. அன்று தொடங்கிய ஆவல் நூலகத்திற்கும், பின்னர்க் கொச்சிக்கும் என்னை இட்டுச் சென்றது. அங்குக் கண்டதும் கற்றதும் ஈண்டுத் தருகின்றேன்.

கோஷர் என்பது யாது?

கோஷர் என்னும் ஹீப்ருச் சொல்லுக்குத் 'தக்கது' என்பது பொருள். பிளவுபட்ட குளம்பும் அசைபோடும் இயல்பும் ஒருங்கே உடைய விலங்கே யூதர்க்கு உண்ணத்தக்கது. ஆதலின் ஆடு ஏற்கும், பன்றி ஏலாது. செதிலும் துடுப்பும் உள்ள மீன் ஏற்கும். இறாலும் நண்டும் ஏலா. பயிற்சி பெற்றவர் முறைப்படி அறுத்து, குருதி நீங்க உப்பிட்டுக் கழுவிய இறைச்சியே அடுப்பேறும். இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரலாகாது. இரண்டிற்கும் பாத்திரங்கள் தனித்தனியே வேண்டும். கேரளத்து யூதப் பெண்டிர்க்கு இக்கட்டுப்பாட்டில் தேங்காய் பெருந்துணையாயிற்று. தேங்காய்ப் பால் மாட்டின் பாலன்று. எனவே இறைச்சிக் குழம்பில் தாராளமாக அதனைச் சேர்த்தனர். சமய விதியும் பிழைத்தது. மலையாள நாட்டுச் சுவையும் வந்தது.

இத்தகைய விதிகளை உடையவர் தனியே நெடும்பயணம் செய்தல் அரிது. காசிக்குப் புறப்பட்ட நம் பாட்டிமார் புளியோதரையைக் கட்டிக்கொண்டு, வழியில் ஒருவர் கைத்தண்ணீரும் பருகாது சென்று வந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம் அன்றோ? அதுபோன்றே இவர்களும் குழுவாகக் கூடி, சமையற்காரரோடு செல்கின்றனர். ஓய்வுநாளில் ஊர்தி ஏறலாகாது ஆதலின், ஜெப ஆலயத்துக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே தங்குகின்றனர். குழுவாகச் செல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இக்குழுக்கள் செல்லும் ஊர்களுள் ஸ்பெயினின் தொலேதோவும் போலந்தின் கிராக்கோவும் பெயர் பெற்றவை. தொலேதோவில் யூதர் செழித்திருந்தனர். 1492-இல் ஸ்பெயின் அரசாணை அவர்களை நாட்டைவிட்டே துரத்தியது. போலந்தில் இருந்தோரை இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் கொன்று குவித்தனர். அங்கெல்லாம் செல்வோர் கண்ணீரோடுதான் திரும்ப முடியும். கொச்சியின் கதை அத்தகையதன்று. அங்கு அவர்களைத் துரத்திய அரசும் இல்லை. அழித்த அண்டை வீட்டாரும் இல்லை. இருந்தும் இன்று அங்கே யூதர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலும் குறைந்துவிட்டனர். அஃது ஏன் என்பதே என் உள்ளத்தை உறுத்திய வினா.

செப்பேட்டில் நம் எழுத்து

சேர நாட்டு முசிறித் துறைக்கு மிளகு நாடி யவனர் கலங்கள் வந்ததை அகநானூறு கூறும். அக்கடல் வணிகத்தின் வழியே யூதரும் இக்கரை சேர்ந்தனர். எருசலேம் திருக்கோயில் கி.பி. 70-இல் இடிக்கப்பட்ட பின் தம் முன்னோர் இங்கு வந்தனர் என்பது கொச்சி யூதரின் மரபுரை. ஹீப்ரு மறைநூலில் மயிலைக் குறிக்கும் 'துகி' என்னும் சொல் நம் 'தோகை' என்பதிலிருந்து சென்றது என்று கால்டுவெல் முதலான அறிஞர் கருதினர். மனிதர் குடியேறுமுன்பே மயில் கப்பலேறியது போலும்!

ஐயத்திற்கிடமில்லாச் சான்று செப்பேட்டில் உள்ளது. கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையொப்பங்கள் அரபு, பாரசீக எழுத்துகளோடு ஹீப்ரு எழுத்திலும் காணப்படுகின்றன. அதன்பின், ஏறத்தாழ கி.பி. 1000-இல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து, யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு ஒரு செப்பேடு அளித்தான். 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகர் குழுவின் தலைமையும் 72 உரிமைகளும் அவனுக்கு அதனால் கிடைத்தன. பகலில் விளக்கேந்திச் செல்லல், நடக்க நிலத்தில் துணி விரித்தல், பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம் ஆகிய சிறப்புகளோடு வரி விலக்கும் அவற்றுள் அடங்கும். இவ்வுரிமைகள் அவன் வழியினர்க்கும் தொடரும் என்று மன்னன் எழுதினான். 2017-இல் இஸ்ரேல் சென்ற இந்தியப் பிரதமர் மோடி இச்செப்பேட்டின் படியொன்றையே அந்நாட்டுப் பிரதமர்க்குப் பரிசாக அளித்தார்.

அன்பர்களே, இச்செப்பேடு எவ்வெழுத்தில் எழுதப்பட்டது தெரியுமா? ஹீப்ருவில் அன்று, நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்தில். இடையிடையே கிரந்த எழுத்துகள் வரும். அதன் மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துவந்த காலத்து மொழி. 'உல்கு' என்பது சுங்கவரி என்று அறிந்த தமிழர்க்கு அது அயல்மொழியாகத் தோன்றாது. யூதர் தம் பெருமைக்கெல்லாம் ஆதாரமாகப் போற்றிய ஓலை நம் எழுத்தில் இருக்கிறது. அதனைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துக் காட்டினால் நம்முள் எத்தனை பேர் படிக்க வல்லோம்?

கொடுங்கல்லூரை விட்டுக் கொச்சிக்கு

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியில் புதுத் துறையைத் திறந்தது என்பர். வணிகம் இடம் மாற, யூதரும் படிப்படியாய் மாறினர். போர்த்துக்கீசியர் வந்தபின் பதினாறாம் நூற்றாண்டில் இன்னல் மிகவே, எஞ்சியோரும் கொச்சி மன்னரிடம் அடைக்கலம் புகுந்தனர். மன்னர் தம் மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் கோயிலுக்கும் அருகிலேயே அவர்களுக்கு இடமளித்தார். அங்கு 1568-இல் எழுந்ததே பரதேசி ஜெப ஆலயம். தமிழில் 'பரதேசி' என்றால் இன்று வசைச்சொல்; அங்கோ அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதே பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்தோர் பரதேசி யூதர். முன்னரே இருந்தோர் மலபாரி யூதர்.

1662-இல் போர்த்துக்கீசியர் இவ்வாலயத்தைத் தாக்கினர். டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின் 1664-இல் அது மீண்டும் சீரமைக்கப்பட்டது. 1760-இல் எசேக்கியேல் ரகாபி என்னும் பெருவணிகர் மணிக்கூண்டு எழுப்பினார். அதன் கடிகார முகங்களில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள் காணப்படும். உள்ளே தரையில் பதித்திருப்பவை கையால் நீல வண்ணந் தீட்டப்பெற்ற சீன ஓடுகள். அரண்மனையின் பக்கத்தில், கோயில் மணியோசை கேட்கும் தொலைவில், சீன ஓட்டின் மேல் நின்று, ஹீப்ரு மொழியில் வழிபட்டனர். கொச்சிப் படையில் யூத வீரரும் இருந்தமையால் மன்னர் சனிக்கிழமைகளில் போர் தொடுப்பதில்லை என்றும் ஒரு வழக்கு உண்டு.

நம் சென்னைக்கும் இவ்வினத்தார் புதியவரல்லர். பவழம் கொணர்ந்து விற்றுக் கோல்கொண்டா வைரம் வாங்கிச் சென்ற யூத வணிகர் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே தங்கினர். 1688-இல் சென்னை மாநகராட்சி தோன்றியபோது அதன் பன்னிரு ஆல்டர்மேன்களுள் மூவர் யூதர். முத்தியாலுப்பேட்டைப் பவழக்காரத் தெரு அவ்வணிகத்தின் நினைவாய் இன்றும் நிற்கிறது. நம் பெங்களூரிலும் மைசூர்ச் சாலையில் யூதர் கல்லறைத் தோட்டம் உண்டு. சென்னையில் தெருப்பெயர் எஞ்சியது. இங்கே கல்லறை எஞ்சியது. கொச்சியில் மட்டும் ஒரு சமுதாயம் பல நூற்றாண்டு நின்று வாழ்ந்தது.

அவர்களைக் காத்தவை எவை?

மலையாளக் கடலில் கரைந்துபோகாமல் அச்சிறு கூட்டத்தைக் காத்தவை எவை? சமையற்கட்டு முதலாவது. எந்தப் பாத்திரம் எதற்கு என்று தாய் மகளுக்குக் கற்பித்த விதி, நாள்தோறும் அடுப்பங்கரையில் நடந்த பாடமாயிற்று. ஓய்வுநாள் இரண்டாவது. வாரந்தோறும் கடையடைத்து ஊரே ஓரிடத்தில் கூடியது. மறைநூலைப் பிழையின்றிப் படிக்கச் சிறுவர்க்கு எழுத்தறிவித்தது மூன்றாவது.

நான்காவது பாட்டு. கொச்சி யூதப் பெண்டிர் திருமணங்களிலும் விழாக்களிலும் மலையாளத்தில் பாடினர். மறவாதிருக்க நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தனர். அவற்றைத் திரட்டி, ஸ்கறியா சக்கரியா என்னும் மலையாளப் பேராசிரியரும் ஒபீரா கம்லியேல் என்னும் இஸ்ரேலிய அறிஞரும் 2005-இல் ஹீப்ரு மொழிபெயர்ப்போடு வெளியிட்டனர். நூலின் பெயர் 'கார்குழலி'. நம் வீட்டுப் பெண்ணுக்கு இடக்கூடிய பெயர்!

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர்கள் ஊர் மொழியை வெறுத்து ஒதுங்கவில்லை. பேச்சும் பாட்டும் மலையாளம், வழிபாடு ஹீப்ரு. வாழ வந்த நாட்டின் மொழியைத் தம்மதாக்கிக் கொண்டே, கொண்டுவந்த மொழியையும் கைவிடாது காத்தனர். கன்னட நாட்டில் வாழும் நமக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

உள்ளிருந்த குறை

நிறையை மட்டும் கூறிக் குறையை மறைப்பது வரலாறாகாது. பரதேசி யூதர் தம்மை உயர்ந்தோராகக் கருதினர். மலபாரி யூதரோடு மணவுறவு கொள்ளவில்லை. ஒருகாலத்தில் அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினர்க்குப் பரதேசி ஆலயத்தில் சமமான இருக்கை இல்லை. ஒரே இறைவன், ஒரே மறை, ஒரே சமையல் விதி; ஆயினும் இருக்கை வேறு! நம் நாட்டுச் சாதி நோய் அவர்களையும் பற்றியது.

அவ்வழியில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்ற ஏ. பி. சேலம் (1882–1967) இதனைப் பொறாது, காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஆனால் தளர்ந்த காலத்தில் ஊரே புறப்படத் தொடங்கியிருந்தது.

புறப்பாடு

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிற்று. கொச்சி யூதர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவருள் பெரும்பாலோர் 1950-களில், சிறப்பாக 1954, 1955 ஆம் ஆண்டுகளில், குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டனர். துன்பத்துக்கு அஞ்சி அன்று. முன்னோர் நாட்டின் மீதிருந்த பற்றினால். நெகேவ் பாலையில் நெவாத்திம் என்னும் ஊரில் குடியேறியோர் பின்னாளில் கண்ணாடிக் கூடங்களில் மலர் வளர்த்து ஏற்றுமதி செய்யுமளவு உழைத்து உயர்ந்தனர். அவ்வூரில் கொச்சி மரபுக்கென ஓர் ஆலயமும் அருங்காட்சியகமும் உள்ளன.

இங்கே எஞ்சியவை கட்டடங்கள். கேரளத்தில் இருந்த ஆலயங்கள் எட்டு. மாளா ஆலயத்தை 1955-இல் ஊராட்சியிடம் ஒப்படைத்துச் சென்றனர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயத்தின் உட்புற மரவேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. சேந்தமங்கலம், பறவூர் ஆலயங்கள் புதுப்பிக்கப்பெற்று அருங்காட்சியகங்களாயின. சேந்தமங்கலத்தில் 1269-ஐச் சேர்ந்த ஹீப்ருக் கல்லறைக் கல் ஒன்று, சாரா என்னும் பெண்மணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எர்ணாகுளத்து ஆலயம் ஒன்றின் முன்கூடத்தில் நெடுங்காலம் செடிகளும் வண்ணமீன்களும் விற்கப்பட்டன. 1968-இல் பரதேசி ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்து சிறப்பித்தார். விழாவிற்குக் கூட்டம் வந்தது. வழிபாட்டிற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது.

பத்துப் பேர்

ஒரு விடுமுறையில், பணியாளர்க்குரிய இலவசப் பாஸைக் கொண்டு மனைவி மக்களோடு கொச்சி சென்றேன். யூதத் தெருவை அடைந்தபோது வெள்ளிக்கிழமை மாலை. பார்வையாளர்க்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அவ்வமயம் அயல்நாட்டுக் குழுவொன்று தலையில் சிறு குல்லாய் அணிந்து தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தது. காவலர் அவர்களை மட்டும் உள்ளே விட்டார். எதிர்க்கடைக்காரர் விளக்கினார்: "பத்து ஆண்கள் கூடினால்தான் இவர்களுக்கு முழுத் தொழுகை. உள்ளூரில் பத்துப் பேர் ஏது? வெளியூர்க் குழு வந்தால்தான் உண்டு."

குழுவாக வருவதற்குரிய மற்றொரு காரணம் இதுதான். பதின்மூன்று அகவை நிரம்பிய ஆடவர் பதின்மர் கூடாவிடில், மறைச்சுருளை எடுத்து ஓதுதல் முதலிய பொது வழிபாடு நடைபெறாது என்பது அவர்தம் பழைய விதி. பார்க்க வந்தவர்களே வழிபடுவோராகி, ஒரு மாலைக்கு அவ்வாலயத்தை உயிர்ப்பிக்கின்றனர். செப்பேடு இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது, சீன ஓடு பளபளக்கிறது. பத்தாவது ஆள் மட்டும் விமானத்தில் வர வேண்டியிருக்கிறது.

உள்ளிருந்து ஓதும் ஒலி மெல்லக் கேட்டது. எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள் கேட்டாள்: "அப்பா, யாரும் வராத வெள்ளிக்கிழமை என்ன செய்வார்கள்?" என்னால் விடை கூற இயலவில்லை.

நமக்கு

நிற்க. நம் நிலையைச் சிறிது நோக்குவோம். இந்நகரின் தோமலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் பெயரும் இருந்ததை அவை காட்டுகின்றன. கன்னட நாட்டு மன்னர் ஆட்சியில் தமிழ் எழுதுவோர் இங்கு மதிப்போடு வாழ்ந்தமைக்கு அக்கல்லே செப்பேடு. அக்கோயிலுக்கு என் மகளை அழைத்துச் சென்று கல்லைக் காட்டினேன். "எல்லாம் கோடுகளாக இருக்கிறது" என்றாள். பழைய எழுத்தாதலின் எனக்கும் முழுதும் விளங்கவில்லை. அவளைக் குறை கூறவில்லை.

ஆனால் அன்றிரவு மற்றொன்று நிகழ்ந்தது. என் தந்தையார் திருப்பத்தூரிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் உள்ளன. பேத்தி பிறந்த செய்தி கேட்டு அவர் எழுதிய கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவளைப் பற்றியே எழுதிய கடிதம். அவள் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நீங்களே படியுங்கள் அப்பா" என்று திருப்பித் தந்தாள். கன்னடமும் ஆங்கிலமும் நன்கு படிப்பவள். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய கல் அன்று அது. பதின்மூன்று ஆண்டுக்கு முந்திய தாள். குற்றம் அவளதன்று. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு அவளை அனுப்பாமல், 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான்.

நம்மை இந்நகரில் எவரும் துரத்தவில்லை. கொச்சி யூதரையும் எவரும் துரத்தவில்லை. அவர்களாவது பிரிந்து சென்றவிடத்தில் மறையையும் பாட்டையும் கொண்டு சென்றனர். போனது ஊரே தவிர மரபன்று. நாமோ ஊரைவிட்டு எங்கும் போகாமலே, இருந்த இடத்தில் இருந்தபடி, எழுத்தைக் கைநழுவ விடுகின்றோம். பொங்கலுக்கும் ஆண்டு விழாவிற்கும் மண்டபம் நிறைகிறது. ஞாயிறு வகுப்பில் நாற்காலிகள் காலியாக உள்ளன. சாதி பேசி, மாவட்டம் பேசித் தனித்தனியே பிரிந்து அமரும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அதன் விளைவு யாதென்பதற்குக் கொச்சியே சான்று.

ஆதலின் என் வேண்டுகோள் சிறிது. பெரிய கட்டடம் வேண்டா. பத்துப் பேர் வேண்டும். நம் காலனியில் பத்துக் குழந்தைகள் ஞாயிறுதோறும் தவறாது வந்தால் வகுப்பு நிற்காது என்று தமிழாசிரியை கூறுகிறார். சென்ற மூன்று மாதங்களாக ஒன்பது பேர் வருகின்றனர். ஒன்பதாவதாகச் சேர்ந்தவள் என் மகள். சென்ற வாரம் தாத்தாவின் கடிதத்தில் முதல் இரண்டு வரிகளைத் தட்டுத்தடுமாறிப் படித்தாள்.

பத்தாவது குழந்தை எவர் இல்லத்திலிருந்து வரும் என்பதை இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களே கூற வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!